காணி ஈடும் ஒற்றியும் (இறுப்பிட்டி, புங்குடுதீவு)

இறுப்பிட்டி, யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த புங்குடுதீவிலுள்ள ஒரு குறிச்சி. வேலணைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்குவது. இங்கே காணியை வைத்துக் கடன் எடுப்பதும் கடனெடுத்துக் காணி வாங்குவதும் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, ரோமன் டச்சுச் சட்டம், வங்கிச் சட்டங்கள் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் நடக்கின்றன. கடன் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காணியின் விலையன்று, உரித்தின் தெளிவே.

பழைய முறைகள் இரண்டு. ஈட்டில் காணி உரியவர் கையிலேயே இருக்கும்; அவர் வட்டி கட்டுவார். ஒற்றியில் காணி கடன் கொடுத்தவரின் கைக்குப் போகும், விளைச்சலே வட்டி. தேசவழமை ஒற்றியை விரிவாகப் பேசுகிறது. ஒல்லாந்தரின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த இவ்வழமைகளுக்கு, பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் சட்ட வலுக் கொடுத்தனர். ஒற்றியை நினைத்த நாளில் மீட்க முடியாது. விதைத்தவர் அறுவடையை இழக்கக்கூடாது என்பதால் மீட்புக்குப் பயிரின் பருவம் பார்க்கப்பட்டது. கடன் கொடுத்தவரையும் உழவராகக் கண்ட சட்டம் அது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்துக்குப் பின், நொத்தாரிசு முன்னிலையில் எழுதாத காணி விற்பனையோ ஈடோ செல்லாது. வாய்ச்சொல்லிலும் ஓலையிலும் நடந்த கொடுக்கல் வாங்கல்கள் உறுதிக்கு மாறின. காணியை ஈடாகப் பெற்று நீண்டகாலக் கடன் வழங்கும் அரச ஈட்டு வங்கி 1931இல் தொடங்கியது; இன்றைய அரச ஈட்டு முதலீட்டு வங்கி அதன் வழிவந்தது. ஆனாலும் புங்குடுதீவில் வீடுகள் எழுந்தது பெரும்பாலும் வங்கிக் கடனால் அல்ல. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்தியவர்களின் இலாபம், சீட்டு, நகை அடகு, பின்னர் வெளிநாட்டுப் பணம் ஆகியவையே முதலாயின. சீட்டுக்கும் 1935இலேயே தனிச் சட்டம் வந்தது.

வங்கியிடம் போகிறவர் முதலில் எதிர்கொள்வது உரித்து ஆய்வு. வழக்கறிஞர் காணிப் பதிவகத்தில் வழக்கமாக முப்பது ஆண்டுப் பதிவுகளைப் புரட்டுவார். மூல உறுதி, நில அளவை வரைபடம், பிரதேச சபையின் சான்று, மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவையும் கேட்கப்படும். இறுப்பிட்டிக் காணி பலவற்றுக்கு இங்கேயே தடை வருகிறது. முன்னோர்வழி வந்த முதுசம் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து, சில பரப்புக் காணிக்குப் பல பங்காளர் இருப்பார்கள். பிரிக்கப்படாத பங்கை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்கும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்வாங்கல் கட்டளைச் சட்டப்படி, பங்கை விற்பவர் உரிய பங்காளருக்கும் வழியுரிமைக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். இதைத் தவிர்த்து வாங்கிய காணி பின்னாளில் வழக்குக்குள் போகக்கூடும்.

சீதனக் காணி மனைவியின் சொத்து. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், கணவரின் எழுத்து மூலச் சம்மதமின்றி அதை அவள் விற்கவோ ஈடு வைக்கவோ இடம்கொடுக்கவில்லை. தன் பெயரில் வீடிருந்தும், பிரிந்து போன அல்லது காணாமற்போன கணவரின் கையொப்பத்துக்காகப் பெண் நீதிமன்றம் செல்ல வேண்டியிருப்பது பெரிய அநீதி. இது மாற வேண்டும்.

1991இல் தீவகம் படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது மக்கள் பெருமளவில் வெளியேறினர். உறுதிகள் தொலைந்தன, எல்லைகள் பற்றைக்குள் மறைந்தன, பங்காளர் சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், கனடா எனச் சிதறினர். பத்தாண்டு ஆட்சியால் உரித்துக் கோர 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இடமளிப்பதால், வெறுமையாய்க் கிடந்த காணிகளுக்கு ஆபத்து வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, ஆயுதக் குழுக்களின் செயலால் உரிமையைக் காக்க இயலாதவர்களுக்கு எதிராகக் கணக்கிடலாகாது என்று 2016இன் சிறப்புச் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தந்தது.

வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இங்கு காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமையாளருக்கு விலக்குண்டு. நெருங்கிய உறவினரிடமிருந்து வழியுரிமையாகவோ நன்கொடையாகவோ பெறுவதும் விலக்கினுள் அடங்கும். வெளிநாட்டிலிருப்பவர் தன் சார்பில் வேறொருவர் கையெழுத்திட அற்றோணித் தத்துவம் அனுப்புவார். அது சரியாக உறுதிப்படுத்தப்பட்டுப் பதியப்பட்டதா என்பதை வங்கி நுணுகிப் பார்க்கும்.

கடன் தவறினால் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, வங்கி வழக்கின்றியே ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம். இதைப் ‘பராட்டே’ என்பர். பொருளாதார நெருக்கடியால் பலர் தவணை கட்ட முடியாமற் போனதால் 2024இல் இவ்வதிகாரம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அதே நெருக்கடியின்போது, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தோரின் தவணை ஏறியது. ஆகவே வட்டி நிலையானதா மாறுவதா என்பதைக் கையொப்பத்துக்கு முன் கேட்டறிவது அவசியம்.

பங்குக் காணிக்குக் குறுகிய வழி, பங்காளர் இணங்கி எழுதும் பங்கீட்டு உறுதி. இணக்கம் இல்லாவிடில் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பங்கீட்டு வழக்கு. அது பல ஆண்டு இழுபடும். கடன் தீர்ந்ததும் ஈட்டு மீட்பைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பெற்றோர் எப்போதோ அடைத்த ஈடு பதிவேட்டில் நீங்காமல் கிடந்தால், பிள்ளைகள் கேட்கும் புதிய கடன் அதனாலேயே நின்றுவிடும்.