செய்திவழி இயங்கும் பீன்: அமைவடிவத்தின் வரலாறு

செய்திவழி இயங்கும் பீன் என்பது ஜாவா பயன்பாட்டு வழங்கியினுள் இருந்துகொண்டு, செய்தி வரிசை ஒன்றில் வந்து சேரும் செய்திகளைப் பெற்றுச் செயற்படும் நிரற்கூறு ஆகும். வேறு நிரல்கள் இதனை நேரடியாக அழைப்பதில்லை. செய்தி வந்ததும் வழங்கியே இதன் 'ஆன்மெசேஜ்' செயற்கூற்றை இயக்குகிறது. எந்த வரிசையைக் கவனிப்பது என்பது பொதுவாக அமைவடிவத்தில் குறிக்கப்படும்.

ஈ.ஜே.பி., ஜே.எம்.எஸ். ஆகிய இரு விவரக்குறிப்புகளையும் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998-இல் வெளியிட்டது. ஒரே ஆண்டில் பிறந்தும் இரண்டும் ஒட்டவில்லை. இழைகளைக் கையாள்வது வழங்கியின் பொறுப்பு. பீன்கள் தாமாக இழைகளைத் தொடங்கக் கூடாது. எனவே பீனால் செய்தியை அனுப்ப முடிந்தது. செய்தி வரும்வரை காத்திருந்தாலோ அந்த இழை முடங்கியது. 2001-இல் வந்த ஈ.ஜே.பி. 2.0, செய்திவழி இயங்கும் பீனை அறிமுகப்படுத்தி இக்குறையை நீக்கியது.

ஆனால் ஓர் இடைவெளி எஞ்சியது. பொதுவான எக்ஸ்.எம்.எல். கோப்பில் சேருமிடம் வரிசையா தலைப்பா என்று எழுதலாம். அதன் பெயரை எழுத இடமில்லை. ஜேபாஸ், வெப்லாஜிக் இரண்டும் அதைத் தத்தம் தனிக் கோப்புகளில் கேட்டன. வெப்ஸ்பியர் 5 வழங்கியிலேயே 'லிசனர் போர்ட்' ஒன்றை அமைக்கச் சொன்னது. எங்கும் இயங்கும் என்ற ஜாவாவின் வாக்குறுதி நிரலுக்குப் பொருந்தியது, அமைவடிவத்துக்குப் பொருந்தவில்லை. வழங்கியை மாற்றிய நிறுவனங்கள் நிரலைத் தொடாமலே இக்கோப்புகளைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

2003-இல் ஈ.ஜே.பி. 2.1, ஜே.எம்.எஸ். அல்லாத செய்தி அமைப்புகளுக்கும் இப்பீனைத் திறந்துவிட்டது. அதற்காக அமைவுகள் பெயரும் மதிப்பும் கொண்ட வெறும் எழுத்துச் சரங்களாயின. இது நெகிழ்வைத் தந்தது. ஆனால் எழுத்துப்பிழையைத் தொகுப்பி கண்டுபிடிக்காது. 2006-இன் ஈ.ஜே.பி. 3.0 அவற்றை நிரலிலேயே குறிப்புரைகளாக எழுத வழிசெய்தது. பெயர்ச் சிக்கல் மட்டும் தீரவில்லை: ஜேபாஸ் 'டெஸ்டினேஷன்' என்ற பண்பையும், கிளாஸ்ஃபிஷ் 'மேப்டுநேம்' என்பதையும் எதிர்பார்த்தன.

2013-இல் ஜாவா ஈ.ஈ. 7 உடன் வந்த ஈ.ஜே.பி. 3.2 தான் 'டெஸ்டினேஷன்லுக்அப்' என்ற பொதுப் பண்பை வரையறுத்தது. ஒரு வரிசையின் பெயரை எல்லா வழங்கிகளுக்கும் ஒரே விதமாகச் சொல்லப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

2020-இல் ஜகார்த்தா ஈ.ஈ. 9, 'ஜாவாஎக்ஸ்' எனத் தொடங்கிய தொகுப்புப் பெயர்களை 'ஜகார்த்தா' என மாற்றியது. இறக்குமதி வரிகளில் விடுபட்டதைத் தொகுப்பி சுட்டிக்காட்டும். சேருமிட வகையோ மேற்கோள் குறிகளுக்குள் உள்ள சரம். அதில் விடுபட்டதைத் தொகுப்பி சுட்டிக்காட்டாது.