மஞ்சள் நீர் குடித்தவர்

எங்கள் ஐயா 1930-களில் சுவீகாரம் போனவர். பிறந்த வீடும் போன வீடும் காரைக்குடிப் பக்கம் ஒரே தெருவில்தான். செட்டிநாட்டில் இதை யாரும் ஒளித்து வைத்ததில்லை. ஆண் வாரிசில்லாத வீட்டார் சொந்தத்தில் பையன் கேட்பார்கள். ஊரறிய அவன் மஞ்சள் நீர் குடிப்பான். அன்றோடு விலாசம் மாறிவிடும். கொள்ளியும் திவசமும் போன வீட்டுக்கே.

1956-ல் வந்த இந்துத் தத்தெடுப்புச் சட்டந்தான் பெண் குழந்தைக்கும் வழிவிட்டது. பிறந்த குடும்பத்து உறவு அற்றுப்போவதாக அதுவும் சொன்னது; ஆனால் அங்கே மணக்கக்கூடாத முறைக்காரர்களை இனியும் மணக்கக்கூடாதாம். கொள்ளி வைக்க ஆகாத ரத்தம் கல்யாணத்துக்கு மட்டும் ஞாபகம் வந்துவிடுகிறது!

தன்னைப் பெற்றவளைப் 'பெரியாத்தா' என்றே கூப்பிட ஐயாவைப் பழக்கியிருந்தார்கள். சாயங்காலமானால் ஐயா அங்கேதான் நிற்பாராம், சீப்புச்சீடைக்கு. பெரியாத்தா இறந்தபோது ஐயாவின் தம்பிதான் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தார்.

"நீங்க போடலையா?" என்று அப்பத்தா கேட்டதற்கு, "நான் இப்ப அந்த வீட்டுப் புள்ளி இல்லையே" என்றாராம்.

அந்த வீட்டு மொய் நோட்டை மட்டும் கடைசிவரை அவர்தான் எழுதினார். தம்பிக்குக் கணக்கு வராது.