கலங்கலும் மதகும்

காஞ்சி நகருக்குத் தெற்கே, பாலாற்றுப் பாலத்தின் மீது நின்று பார்ப்பவருக்கு ஆண்டின் பெரும்பகுதியில் காணக் கிடைப்பது மணலும் முட்செடியுமே. கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நடந்து கடலை அடையும் ஆறு இது. "நீரில்லாத ஆறு" என்று நாம் அதற்குப் பெயரிட்டுப் பழகிவிட்டோம். ஆயினும் 2021 நவம்பரில், வாலாஜாவுக்கு அருகிலுள்ள பாலாற்று அணைக்கட்டை நொடிக்கு ஒரு இலட்சம் கன அடிக்கும் மேலான நீர் கடந்து சென்றது. முதியோர் உடனே நினைவுகூர்ந்தது 1903 நவம்பரை. அன்று மேலே மைசூர்ப் பகுதியின் ஏரிகள் உடைந்து, பாலாறு பெருகி, வாணியம்பாடியில் பலரை வாரிச் சென்றது.

வறண்ட ஆறு எது, வெள்ள ஆறு எது என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். உண்மையில் இரண்டும் ஒரே ஆறுதான். அண்மைக் கால வரலாறே இதற்குச் சான்று. 2015 டிசம்பர் முதல் நாளில், அந்நாளைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது; ஏரிகள் நிரம்பி வழிந்தன. மறு ஆண்டே, 2016இல், வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது; 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. 2021இல் மீண்டும் வெள்ளம். ஏழு ஆண்டுகளுக்குள் இவ்வளவும் நிகழ்ந்தன.

காஞ்சியின் நெசவாளர் இவ்விரு முகங்களையும் அறிவர். மழை ஓயாதிருந்தால் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியின் குழியில் நீர் ஊறினால் தறி நின்றுபோகும். மழை பொய்த்தால் சாயப் பட்டறைக்கும் அடுப்படிக்கும் ஒருங்கே நீர் குறையும். பாலாற்று மணலின் அடியில் ஊறும் நீரை நம்பி வாழும் நகரம் இது. அந்த மணலை அள்ளிச் சென்றபோது, வறட்சிக்கென்று இயற்கை சேர்த்து வைத்த களஞ்சியத்தையே நாம் அள்ளிச் சென்றோம்.

இத்தகைய வாழ்வு நமக்கு மட்டும் உரியதன்று. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் நீண்ட வறண்ட கோடையும், இலையுதிர் காலத்தில் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் பெருமழையும் இயல்பு. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரம் 1957இல் துரியா ஆற்றின் வெள்ளத்தில் மூழ்கியது. பின்னர் ஆற்றையே நகரின் தெற்கே திருப்பிவிட்டனர். 2024 அக்டோபர் 29 அன்று பெருமழை பெய்தபோது நகரின் நடுப்பகுதி தப்பியது. ஆனால் புதிய ஆற்றுக்குத் தெற்கே, எப்போதும் வறண்டு கிடந்த ஓடைகளை ஒட்டி எழுந்த குடியிருப்புகள் மூழ்கின. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பகுதிகள் பலவற்றில் அன்று மழையே அதிகம் பெய்யவில்லை. மேலே பெய்த மழை கீழே வந்து கொன்றது. எச்சரிக்கையும் காலந்தாழ்ந்தே வந்தது. ஓடை வறண்டு கிடந்ததால் அதற்குரிய வழியை மனிதர் மறந்தனர். நம் வேகவதியின் கரையை எண்ணிப் பார்ப்போருக்கு இச்செய்தி அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது. அக்கரையில் குடியேறியோர் பலர் வேறிடம் வாங்க வழியற்ற எளியோர் என்பதும் நம் நெஞ்சை உறுத்த வேண்டும்.

நம் முன்னோர் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர்? ஏரி வெட்டினர். மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் ஏரி அமைந்தது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில், ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவர தடாகம் தோண்டப்பட்டு, பாலாற்றிலிருந்து அதற்குக் கால்வாயும் வெட்டப்பட்டதைக் கூரம் செப்பேடு கூறுகிறது. வெள்ளத்தின் மிகுதி வறட்சியின் சேமிப்பாயிற்று. ஏரிக்கரையை உற்று நோக்குங்கள். அதில் மதகு உண்டு, கலங்கலும் உண்டு. மதகு, நீர் குறையும் நாளை எண்ணி அளந்து விடுவது. கலங்கல், நீர் மிகும் நாளை எண்ணி வழிய விடுவது. இரண்டு அச்சங்களையும் ஒரே கரையில் கட்டி வைத்த அறிவு அது.

கரையைக் கட்டியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை, காப்பவரையும் நியமித்தனர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலையால் அறுவர் கொண்ட ஏரி வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதை உரைக்கின்றன. பதவிக்காலம் 360 நாள். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். அந்தச் சபையில் நிலமுடைய பிராமண ஆண்களுக்கே இடம் இருந்தது. வயலில் உழைத்தவருக்கு அங்கே குரல் இல்லை. இக்குறையை நாம் மறைக்கலாகாது. எனினும் 'ஏரிக்கு யார் பொறுப்பு?' என்ற கேள்விக்கு ஒவ்வோர் ஆண்டும் விடை இருந்தது. வலென்சியாவிலும் பேராலயத்தின் திருத்தூதர் வாயிலில், வியாழன்தோறும் நண்பகலில், உழவர்கள் தேர்ந்தெடுத்த நீர் மன்றம் இன்றும் கூடுகிறது. வாய்க்கால் வழக்குகளை வாய்மொழியாகவே தீர்க்கிறது.

நம்மிடம் அந்தப் பொறுப்பு படிப்படியாகக் கைமாறியது. 1790களில் செங்கல்பட்டுச் சீமையை ஆண்ட கலெக்டர் லயனல் பிளேஸ், பாழடைந்த ஏரிகளைச் செப்பனிட முனைந்தார். மதுராந்தகம் ஏரி உடையுமோ என்று அவர் அஞ்சிய மழை இரவில் இராமரே கரையைக் காத்ததாக அவ்வூர் மக்கள் இன்றும் கூறுவர். பின்னர் 1858இல், ஊரார் தாமே செய்துவந்த குடிமராமத்தைச் சட்டத்தின் கட்டாயமாக்க ஆங்கில அரசு முனைந்தது. தானாக வந்த கைகளைச் சட்டம் கொண்டு அழைக்க நேர்ந்ததே பழைய கட்டு தளர்ந்ததற்கு அடையாளம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, அப்பணி முதலில் தொடங்கிய இடம் அந்நாளைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் மணிமங்கலம் ஏரியே.

இன்று செயற்கைக்கோளும் கணிப்பொறியும் வெள்ளத்தையும் வறட்சியையும் கணக்கிட்டுச் சொல்கின்றன. அக்கணக்கு நமக்கு மிகவும் தேவை. ஆனால் வரத்துக்கால் தூர்ந்திருப்பதையும், கலங்கலின் கீழே வீடு எழுவதையும் முதலில் காண்பது அவ்வூரார் கண்ணே. கண்டும் வாளாவிருந்தால் எந்தக் கணக்கும் நம்மைக் காவாது. நம் ஊர் ஏரியின் மதகு எங்கே, கலங்கல் எங்கே என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த மழைக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், நம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கரைமேல் நடந்து அதனைத் தேடிக் காண்போம். வறண்டு கிடக்கும் நாளே அதற்கு ஏற்ற நாள்.