முந்திப் பெறும் உரிமையின் விலை



சேலம், நாமக்கல் சமவெளிச் சிற்றூர்களில் சடுகுடு ஆடப் புகும் சிறுவர் முதலில் உத்தி பிரிப்பர். ஏறக்குறைய ஒத்த ஆற்றலுடைய இருவர் தனியே சென்று, ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு திரும்புவர். அப்பெயர்களுள் ஒன்றை ஒரு தலைவன் கேட்டுப் பெறுவான். மற்றவன் எதிர்க்கட்சிக்குப் போவான். இரு கட்சியும் சமவலி பெற்றால்தான் ஆட்டம் சுவைக்கும் என்பதை அச்சிறுவர் நன்கு அறிவர்.

இந்த நோக்கமே அமெரிக்கக் கால்பந்துச் சங்கங்களையும் ஒரு விதி செய்யத் தூண்டியது. அங்கே கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு விளையாட்டு. செல்வமும் புகழும் மிக்க சங்கங்களே சிறந்த இளைஞரையெல்லாம் கவர்ந்துகொண்டன. இதைக் கண்டு வருந்திய ஃபிலடெல்ஃபியா சங்கத்தின் தலைவர் பெர்ட் பெல், 1935-ஆம் ஆண்டில் ஒரு யோசனை கூறினார். முந்தைய ஆண்டில் கடைசியில் நின்ற சங்கம் முதலில் ஓர் இளைஞரைத் தெரிந்தெடுக்கட்டும்; வெற்றி பெற்ற சங்கம் கடைசியில் தெரிந்தெடுக்கட்டும் என்பதே அது. 'டிராஃப்ட்' எனப்படும் இம்முறை 1936-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் முதன்முதல் தெரிந்தெடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவரோ தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார்! முதலிடம் என்பது வெற்றிக்கு உறுதிச்சீட்டன்று என்பதை அம்முறை தன் முதல் ஆண்டிலேயே காட்டிவிட்டது.

வரிசையில் பின்னால் நிற்கும் சங்கம் தனக்குரிய முறைகள் பலவற்றைக் கொடுத்து, முன்னால் நிற்கும் சங்கத்தின் ஒரு முறையை வாங்கிக்கொள்ளவும் விதியில் இடமுண்டு. அவ்வாறு வாங்குவது அறிவுடைமை ஆகுமா? இதுவே இன்று நாம் ஆராயும் வினா.

1999-ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் சங்கம் பன்னிரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு முன்னேற விரும்பிற்று. ரிக்கி வில்லியம்ஸ் என்னும் ஒரே இளைஞரைப் பெறுவதற்காக, அவ்வாண்டில் தன்னிடம் இருந்த ஆறு முறைகளையும், மறு ஆண்டின் இரண்டு முறைகளையும் வாஷிங்டன் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டது. அவ்வாண்டு ஆடிய பதினாறு ஆட்டங்களில் அது வென்றவை மூன்றே. அந்த இளைஞர் திறமையற்றவர் அல்லர். பின்னர் மயாமி சங்கத்தில் சேர்ந்து 2002-இல் பந்தேந்தி ஓடிக் கடந்த தொலைவில் நாட்டிலேயே முதல்வராக விளங்கினார். ஆயினும், ஒருவர் எவ்வளவு வல்லவராயினும், துணைநிற்க ஆளில்லாத அணியில் என் செய்வார்?

இதற்கு மாறான சான்றும் வரலாற்றில் உண்டு. 2017-இல் கான்சாஸ் சிட்டி சங்கம் இருபத்தேழாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு முன்னேறி, பேட்ரிக் மஹோம்ஸ் என்பவரைப் பெற்றது. விலையாகக் கொடுத்தவை அவ்வாண்டின் இரண்டு முறைகளும் மறு ஆண்டின் ஒரு முறையும். அவரைக்கொண்டு 2020, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன் பட்டம் வென்றது. ஆனால் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அச்சங்கம் முன்னரே வலிமையுடன் இருந்தது. புதியவரை உடனே களத்தில் தள்ளவில்லை. முதல் ஆண்டில் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் இறக்கி, மூத்தவர் ஒருவரின் அருகில் இருந்து பயிலச் செய்தது.

கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்னும் அறிஞர் இருவர் இத்தெரிவுகளைப் பல்லாண்டுக் கணக்குக்கொண்டு ஆராய்ந்தனர். ஒரே நிலையில் ஆடும் இருவருள் முன்னர்த் தெரிந்தெடுக்கப்பட்டவர், அடுத்தவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு, காசு சுண்டிப் பார்க்கும் வாய்ப்பைவிடச் சற்றே மிகுதி என்று கண்டனர். உத்தி பிரிக்கும் தலைவன் பெயரை மட்டும் கேட்டு ஆளைத் தெரிந்தெடுக்கிறான். கணக்கும் கருவியும் கொண்ட பெரியவர்களும் அவனைவிட மிகுதியாக ஒன்றும் கண்டுவிடவில்லை போலும்!

நம் நாட்டுக்கு வருவோம். 2008-இல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது, பத்தொன்பது வயதுக்குட்பட்ட ஆட்டக்காரரை இவ்வாறே முறைவைத்துப் பிரித்தனர். முதலில் தெரிந்தெடுக்கும் உரிமை டெல்லி அணிக்குக் கிடைத்தது. மட்டையாளர் போதிய அளவில் இருந்தமையால், அவ்வணி பிரதீப் சாங்வான் என்னும் பந்துவீச்சாளரைக் கொண்டது. தம் ஊர்க்காரரான விராட் கோலியை அவர்கள் விட, பெங்களூரு பெற்றது. பின்னர் நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

மற்ற ஆட்டக்காரரை அங்கே ஏலத்தில் எடுக்கிறார்கள். ஏலத்தில் முறைக்குப் பதிலாகப் பணம் நிற்கிறது. ஒருவருக்கு மிகுதியாகக் கொடுத்தால் பலரை இழக்க நேரும். இதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜன் எளிய நெசவுத் தொழிலாளியின் மகன். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். 2015-இல் தமிழ்நாட்டு அணிக்குள் புகுந்ததும் அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்கு உள்ளாயிற்று, முயன்று திருத்திக்கொண்டார். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி, பத்து லட்சம் ரூபாய் அடிப்படை விலையுள்ள அவரை மூன்று கோடிக்கு எடுத்தது. முப்பது மடங்கு விலை! ஆயினும் அவ்வணியில் அவர் ஆடியவை ஆறு ஆட்டங்கள். வீழ்த்தியவை இரண்டு விக்கெட்டுகள். மறு ஆண்டில் ஐதராபாத் அணி அவரை நாற்பது லட்சத்துக்கே பெற்றது. இரண்டு பருவங்கள் களமிறக்காமல் வைத்திருந்து, 2020-இல் வாய்ப்பளித்தது. அவர் பதினாறு விக்கெட்டுகள் வீழ்த்தினார். பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா சென்ற அவர், அதே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களம் கண்டார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் நம்மவர் பெற்ற அரிய வெற்றியில் அவரும் ஒருவர். மூன்று கோடி கொடுத்தவர்க்கு வாய்க்காதது, நாற்பது லட்சம் கொடுத்துப் பொறுத்திருந்தவர்க்கு வாய்த்தது.

ஆகவே என் முடிவு இது. பல வாய்ப்புகளைக் கொடுத்து ஒன்றைப் பெறுதல் பெரும்பாலும் நட்டமே. அணியின் பிற இடங்கள் நிறைந்து, ஓரிடமே குறையாக நின்று, வருபவர் முதிரும்வரை பொறுக்கும் ஆற்றலும் இருந்தால் மட்டும் அது தகும். வலியற்ற அணிக்கே ஆசை மிகுதி. ஆனால் அதற்கு வேண்டியவர் ஒருவர் அல்லர், பலர்.

ஆசிரியப் பணியில் இருந்தவன் என்ற முறையில் இன்னும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பத்தாம் வகுப்பில் முன்னணி மதிப்பெண் பெற்றோரைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பதில் நம் வட்டாரப் பள்ளிகள் சில போட்டியிட்டதைப் பல்லாண்டுகள் கண்டிருக்கிறேன். அவர்களுக்குக் கட்டணச் சலுகையும் தனி வகுப்பும் கிடைத்தன. அதே கூரையின்கீழ் இருந்த நடுத்தர மாணவருக்குக் கிடைக்க வேண்டிய கவனம் குறைந்தது. 2017-இல் தமிழக அரசு, பொதுத்தேர்வில் மாநில முதலிடம் இன்னார்க்கு என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. அது நல்ல முடிவு. எனினும் பட்டியல் போடும் பழக்கம் நம் மனத்தைவிட்டு இன்னும் நீங்கவில்லை.

பதினாறு வயதில் ஒருவன் நிற்கும் இடத்தைப் பார்த்து முப்பது வயதில் அவன் என்ன ஆவான் என்று கூறவல்லார் யாருமில்லை. உங்களுள் பட்டியலின் முதலில் நிற்பவர் அதை முடிவாகக் கொள்ளாதீர்கள். கடைசியில் நிற்பவரும் அவ்வாறே கொள்ளாதீர்கள். நாளை நீங்கள் ஆசிரியராகவோ அதிகாரியாகவோ அமர்ந்து பிறரைத் தெரிந்தெடுக்கும் காலம் வரும். அப்போது ஒருவருக்காகப் பலரை விலையாகக் கொடுக்குமுன், அந்தப் பலருள் யார் இருக்கிறார் என்று ஒரு முறை பாருங்கள்.