35 மார்க்கின் கதை: கணக்கில் ஃபெயில் என்றால் பத்தாவதே ஃபெயிலா?

இந்த எபிசோடில் ஒரு சின்ன எண்ணின் வரலாற்றைப் பார்க்கப் போறோம். அந்த எண் 35.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு பாஸ் ஆக ஐந்து பாடத்திலும் தனித்தனியாக 35 எடுக்கணும். ஒரு பொண்ணு தமிழில் 90, சமூக அறிவியலில் 85, கணக்கில் மட்டும் 31 எடுக்கிறாள்னு வெச்சுக்கோங்க. முடிவு, ‘கணக்கில் கொஞ்சம் வீக்’ என்று வராது. பத்தாவது தேர்ச்சி இல்லை என்றுதான் வரும். புரோகிராம் எழுதுறவங்க பாஷையில் இது ஒரு ‘ஆண்ட்’ கண்டிஷன். ஐந்தில் ஒன்று பொய்யானாலும் கதவு திறக்காது.

அந்த நாலு மார்க் எங்கே போய் இடிக்கும்? ஐ.டி.ஐ.யில் வெல்டர் ட்ரேடுக்கு எட்டாவது போதும், ஃபிட்டருக்குப் பத்தாவது பாஸ் வேணும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை தேடுற ஒரு பையனுக்கு அது பெரிய வித்தியாசம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதவும் பத்தாவது வேணும். பாஸ்போர்ட்டில்கூட இருக்கு: பத்தாவது பாஸ் ஆகாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக, பொதுவாக அரசின் குடியேற்ற அனுமதி வாங்கியாகணும். இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை கணக்கு தெரியுமான்னு கேட்பதே இல்லை. பாஸா, ஃபெயிலா என்று மட்டும்தான் கேட்கும்.

செப்பேட்டுக் காலத்துக் கணக்கு

இந்த ஏற்பாடு எப்போ வந்தது? பதிலைத் திருவாலங்காட்டில் இருந்து ஆரம்பிக்கலாம். சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிற ஊர். இங்கே 1905-ல் கிடைத்த 31 செப்பேடுகள், ராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுச் சிவன் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லுது. அரச வம்சப் பெருமை முடிந்ததும், ஊரின் எல்லை எங்கே போகுது என்ற விவரம் வரும்.

இப்படி நிலத்தை எழுதி வைக்கக் கணக்கு தெரிந்த ஆள் வேணும். சோழர் கால நிலக்கணக்கு வேலியில் தொடங்கிப் பின்னங்களில் இறங்கும். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. கால்குலேட்டர் இல்லாம இதைப் போட்டுப் பாருங்க!

பிற்காலத்துத் திண்ணைப் பள்ளியிலும் இதே பின்னங்கள்தான். பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடமாகச் சொல்வார்கள். 1822-ல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-ல் வந்த தொகை: மாகாணத்தில் 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 மாணவர்கள். அங்கே கணக்கு என்பது பிழைப்புக்கான கருவி. மாகாணம் முழுக்க ஒரே கேள்வித்தாள் என்ற பேச்சே கிடையாது.

அதுக்காக அது பொற்காலம் இல்லை. பெண் பிள்ளைகள் மிகக் குறைவு, தலித் பிள்ளைகளுக்குத் திண்ணை ஏறவே வழியில்லை. இதை மறக்காம வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

தேர்வு கதவாக மாறியது

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, கூடவே மெட்ரிகுலேஷன் தேர்வும். எல்லாருக்கும் ஒரே தாள். எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆனால்தான் பாஸ்.

இதில் மாட்டிய புகழ்பெற்ற மனிதர் ராமானுஜன். 1904-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கியவர், அடுத்த கட்டமான எஃப்.ஏ. தேர்வில் மற்ற பாடங்களில் தோற்றார். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் தேறவில்லை. பட்டம் இல்லாமல் 1912-ல் துறைமுகத்தில் கிளார்க் ஆனார். 1913-ல் அதே பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. கணக்கில் தோற்கிற பிள்ளையையும் கணக்கு மட்டுமே வருகிற பிள்ளையையும் அதே ‘ஆண்ட்’ கண்டிஷன்தான் வெளியே தள்ளுது.

இங்கேதான் எனக்கு ஆச்சரியமான ஒரு திருப்பம். 1911 வாக்கில் எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் வந்தபோது, அந்தச் சான்றிதழ் ஒரு பதிவேடு. பள்ளியில் எடுத்த மார்க்கும் பொதுத்தேர்வு மார்க்கும் அதில் ஏறும். பாஸ், ஃபெயில் என்று முத்திரை குத்துவது அதன் நோக்கம் இல்லை. காலேஜுக்குத் தகுதியா என்பது தனிக் கேள்வி. ‘எஸ்.எஸ்.எல்.சி. எலிஜிபிள்’ என்று அந்தக் காலத்தில் சொன்னது அதனால்தான். அதாவது, நாம் இன்னிக்கு மாற்றவே முடியாது என்று நினைக்கும் ஒற்றை முத்திரை, எஸ்.எஸ்.எல்.சி. கூடப் பிறந்ததே இல்லை.

எடுத்தால் என்ன ஆகும்?

பீகாரில் 1967-ல் கல்வி அமைச்சராக இருந்த கர்ப்பூரி தாக்கூர், மெட்ரிக் தேர்வில் ஆங்கிலம் கட்டாயம் என்பதை எடுத்தார். கிராமத்துப் பிள்ளைகள் அந்த ஒரு பாடத்தில்தான் விழுகிறார்கள் என்பது அவர் வாதம். அப்படிப் பாஸ் ஆனவர்களைக் ‘கர்ப்பூரி டிவிஷன்’ என்று கேலி செய்தார்கள். இதில் ஒரு பாடம் இருக்கு: கதவைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே வந்தவரை இளக்காரமாகப் பார்க்காத ஏற்பாடும் வேணும்.

சி.பி.எஸ்.இ. 2020 தேர்விலிருந்து பத்தாவது கணக்கை ஸ்டாண்டர்டு, பேசிக் என இரண்டு தாளாகப் பிரித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பள்ளிப் பட்டம் வாங்க மாநிலத் தேர்வில் கணக்கும் ஆங்கிலமும் தேறணும் என்ற விதி 2003 பேட்சிலிருந்து இருந்தது. 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து அதை நீக்கினார்கள். கவனிங்க, தேர்வு போகவில்லை. பிள்ளைகள் இன்னும் எழுதுகிறார்கள். பட்டத்துக்குப் போட்ட பூட்டு மட்டும்தான் போனது.

எதிர்வாதம்

பொதுத்தேர்வுக்கு ஆதரவான வலுவான வாதம் திண்ணையில் இருக்கு. திண்ணையில் யார் உட்காரலாம் என்று சாதி முடிவு செய்தது. பொதுத்தேர்வில் விடைத்தாள் திருத்துபவருக்குப் பிள்ளையின் பெயரோ ஊரோ தெரியாது. ‘கணக்கு கட்டாயமில்லை’ என்றால், ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில்தான் முதலில் கணக்கு வாத்தியார் இடம் காலியாகவே கிடக்கும் என்ற பயமும் நியாயமானது. துணைத்தேர்வு இருக்கே என்பார்கள். இருக்கு. ஆனால் வேலைக்குப் போயே ஆகணும் என்ற வீட்டில், இரண்டாவது முயற்சிக்கு நேரமும் டியூஷன் காசும் எல்லாருக்கும் கிடைக்காது.

அதனால் என் முடிவு இது. கணக்கு எல்லாருக்கும் கட்டாயம் நடத்தணும். எல்லாரும் ஒரே தாளை எழுதணும். மார்க்கை ஒளிக்காமல் போடணும். ஆனால் கணக்கில் 31 என்பது கணக்கில் 31 ஆகவே நிற்கட்டும், மற்ற நாலு பாடத்தையும் அழிக்க வேண்டாம். ஃபிட்டருக்குக் கணக்கு வேணும் என்றால் ஐ.டி.ஐ. அந்த மார்க்கைப் பார்க்கட்டும். பாஸ்போர்ட் ஆபீசுக்கு அது எதுக்கு?

உங்க வீட்டில் அந்த 35-ல் நின்றுபோனவர் யாராவது இருக்கலாம். அவங்க மத்த நாலு பாடத்தில் என்ன மார்க் எடுத்தாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.