பிஷப்பின் பல்

பல் வைத்தியரின் வாசற் பெஞ்சியில் முறைக்காகக் காத்திருக்கும் மனிதனுடைய மனநிலை அலாதியானது. இரண்டு இரவுகள் கண்ணை மூடவிடாமல் குடைந்தெடுத்த கடைவாய்ப் பல், அந்த வாசற்படியை மிதித்த மாத்திரத்தில் பரம சாதுவாகிவிடும். 'வலிதான் நின்றுவிட்டதே, எழுந்து வீட்டுக்குப் போனால் என்ன?' என்று உள்ளிருந்து ஒரு குரல் நயமாகக் கேட்கும். அந்தக் குரலுக்குச் செவிசாய்த்து எழுந்து போனவர்களில் நானும் ஒருவன் ஆகையால், இந்த அச்சத்தின் பூர்வ சரித்திரத்தைப் பேசுவதற்கு எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

பத்து வருஷம் கழித்து ஸ்பானிய தேசத்தின் மாபெரும் கப்பற்படையை எதிர்த்து நிற்கப் போகிறவரான இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத், 1578-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஒரு சொத்தைப் பல்லின் உபத்திரவத்தால் இரவு பகலாக உறக்கமின்றித் தவித்தார். பல்லைப் பிடுங்கிவிடுவதே பரிகாரம் என்று வைத்தியர்கள் ஒருமுகமாகச் சொல்லியும், குறடு என்ற பேச்சை எடுத்தாலே அவர் சம்மதிக்கவில்லை. அப்போது லண்டன் நகரத்து பிஷப்பாக இருந்த ஜான் அய்ல்மர் முன்வந்து, தமக்கோ வயதாகிவிட்டது, வாயில் மிஞ்சியிருப்பவையும் சொற்பமே, ஆயினும் அவற்றில் ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லி, ராணியின் கண்ணெதிரிலேயே தம் பல் ஒன்றை வைத்தியர் கையால் பிடுங்கிக் காட்டச் செய்தாராம். அதைப் பார்த்த பிறகே ராணி தம் வாயைத் திறந்தார் என்று, பிற்காலத்தில் அய்ல்மரின் சரித்திரத்தை எழுதிய ஜான் ஸ்ட்ரைப் கூறுகிறார். பிரசங்கம் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், இந்த ஒரு சந்தர்ப்பத்தில் பிரசங்கம் பயன்படாது என்று அறிந்திருந்தாரே, அதைத்தான் நான் வியக்கிறேன்.

ராணியின் பயத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. அந்நாளில் பல் பிடுங்கும் வேலை நாவிதர்களிடமும் சந்தையில் கடை விரிக்கும் வித்தைக்காரர்களிடமும் இருந்தது. பெலிக்கன் பறவையின் அலகை ஒத்திருந்ததால் அப்பறவையின் பெயராலேயே வழங்கிய ஒரு கொக்கியை மாட்டி, பல்லைப் பக்கவாட்டில் நெம்பி எடுப்பார்கள். பின்னர் 18-ஆம் நூற்றாண்டில் வந்த 'பற்சாவி' என்னும் கருவியோ, பூட்டைத் திறப்பது போலவே பல்லைப் பற்றித் திருகுவது. திருகிய வேகத்தில் பல்லோடு தாடை எலும்பும் சிதைந்து வருவதுண்டு. பாரிஸ் நகரத்தில் ஸேன் நதிமீதுள்ள 'பான் நெஃப்' பாலத்தின்மேல், 'பெரிய தோமா' என்று பிரசித்தி பெற்ற ஆஜானுபாகுவான ஒருவர், பகட்டான உடை தரித்து, வருவோர் போவோர் கூடி நின்று பார்க்கப் பல் பிடுங்கி வந்தார். இத்தகையோர் வைத்துக்கொண்ட கொட்டும் எக்காளமும் ஜனங்களைக் கூட்டுவதோடு, வாயைத் திறந்தவன் போடும் கூக்குரலை மூடவும் உதவின.

அதே பாரிஸில், அதே காலத்தில், பியேர் ஃபோஷார் என்ற வைத்தியர் 1728-ஆம் ஆண்டு இரண்டு பாகங்களாக ஒரு கிரந்தம் வெளியிட்டார். பாபிலோனியர் காலந்தொட்டு மனிதர் நம்பி வந்த பல் புழுவை அவர் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை என்று எழுதினார். பல் நோயாளியைத் தரையில் உட்கார வைத்து, அவன் தலையை வைத்தியன் தன் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொள்ளும் வழக்கத்தையும் அவர் கண்டித்து, கைவைத்த நாற்காலியில் அமர்த்தச் சொன்னார். வேதனையை அது அணுவளவும் குறைத்திராது என்பது மெய்தான். ஆனாலும் தரையில் பிடித்து அமுக்கப்பட்டவனுக்கும் நாற்காலியில் தானாக ஏறி அமர்ந்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் உணர்ந்திருந்தார் என்றே நான் கொள்கிறேன்.

வேதனை குறைந்தது வேறொரு தேசத்தில். நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் சிரிப்பு வாயுவைத் தாமே சுவாசித்து, ஞானப்பல் முளைத்தபோது உண்டான ஈறு வலி அதனால் தணிந்ததைக் கண்ட ஆங்கிலேய ரசாயன அறிஞர் ஹம்ப்ரி டேவி, இதைச் சத்திர சிகிச்சையில் உபயோகிக்கலாமே என்று 1800-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருந்தார். எழுதியதை எவரும் பொருட்படுத்தவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த வாயு கேளிக்கைப் பொருளாகவே இருந்தது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் கோல்ட்டன் என்பவர் டிக்கெட் வைத்து நடத்திய அப்படிப்பட்ட கேளிக்கை ஒன்றுக்கு, ஹோரஸ் வெல்ஸ் என்ற 29 வயதுப் பல் வைத்தியர் தம் மனைவியோடு சென்றிருந்தார். வாயுவைச் சுவாசித்துத் துள்ளிக் குதித்த ஓர் இளைஞன், பெஞ்சியில் மோதிக் காலைக் கிழித்துக்கொண்டு, ரத்தம் வடிவதைக்கூட அறியாமல் வந்து உட்கார்ந்தான். ஊரார் சிரித்துக்கொண்டிருக்க, வெல்ஸ் ஒருவர் மட்டும் அந்தக் காலையே பார்த்தார்.

மறுநாள் காலையில் அவர் நோயாளி எவரையும் தேடவில்லை. தம் நாற்காலியில் தாமே ஏறி அமர்ந்தார். கோல்ட்டன் பையிலிருந்து வாயுவைக் கொடுக்க, ஜான் ரிக்ஸ் என்ற சக வைத்தியர் வெல்ஸின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பிரக்ஞை திரும்பியபோது, குண்டூசி குத்திய அளவுகூட வலிக்கவில்லை என்றார் வெல்ஸ். பிஷப்பின் பல்லுக்குப் பின் 266 வருஷங்கள் கழித்து, பிறருடைய பயத்தைப் போக்க விழுந்த மற்றொரு பல் அது.

அந்த மனிதருக்கு உலகம் செய்த கைம்மாறு கசப்பானது. 1845 ஜனவரியில் பாஸ்டன் நகரத்து வைத்திய மாணவர் சபையில் அவர் செய்து காட்டியபோது, பையைச் சிறிது முன்னதாக எடுத்துவிட்டபடியால் நோயாளி முனகினான். சபையோர் மோசடி என்று கூவினர். அவருடைய பழைய மாணாக்கர் மார்ட்டன், 1846 அக்டோபர் 16-ஆம் தேதி அதே நகரத்தில் ஈதரைக் கொண்டு வெற்றி கண்டு புகழை அடைந்தார். குளோரோஃபாரத்தைத் தம்மீதே பரீட்சித்து அதற்கு அடிமையான வெல்ஸ், சித்தம் பேதலித்து, நியூயார்க் வீதியில் பெண்கள்மேல் திராவகம் வீசிச் சிறை புகுந்து, 1848 ஜனவரியில் 33-ஆம் வயதில் அங்கேயே தம் உயிரைப் போக்கிக்கொண்டார். அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் அவருக்குரிய பெருமையை அங்கீகரித்தது 1864-இல்.

அதன்பின் வலி படிப்படியாகத் தோற்றது. 1905-வாக்கில் நோவோகெய்னும், 1940-களின் இறுதியில் லிடோகெய்னும் வந்து, ஊசி போட்ட தாடையில் மரப்பைத் தவிர வேறொன்றும் தெரியாதபடி செய்துவிட்டன. ஆயினும் பயம் மட்டும் பெஞ்சியை விட்டு எழுந்திருக்கவில்லை. 1969-இல் நார்மன் கோரா என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இந்த பயத்தை அளக்க ஒரு வினாத்தாள் வகுத்தார். கேள்விகள் நான்கு. நாளைக்குப் பல் வைத்தியரிடம் போகவேண்டியிருந்தால், வரவேற்பறையில் காத்திருந்தால், நாற்காலியில் அமர்ந்திருக்க அவர் துளைக்கும் கருவியைத் தயார் செய்தால், பல்லைச் சுத்தம் செய்யும் கருவிகளை எடுத்து வைத்தால், உமக்கு எப்படி இருக்கும்? நான்கிலும் எந்தக் கருவியும் பல்லைத் தொடவில்லை. நான் எழுந்து ஓடியதும் அந்த நேரத்தில்தான்.

இரண்டாம் தடவை நான் போனபோது இருந்தவர் ஓர் இளம் வைத்தியர். அறை முழுவதும் கிராம்பெண்ணெயின் வாசனை. எங்கள் வீட்டு அடுப்படியில் பசியைக் கிளப்பும் கிராம்பு, அங்கே அடிவயிற்றைக் கலக்கியது. "ஐயா, வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுகிறேன்" என்றார். இரண்டு தடவை தூக்கினேன். முதல் தடவை வலித்து அல்ல, அவர் நிறுத்துகிறாரா என்று பார்க்க. நிறுத்தினார்.

எனக்கு முன்னால் உள்ளே போயிருந்த ஏழு வயதுச் சிறுமி, சுழலும் சின்னஞ்சிறு தூரிகையைத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்துக் காட்டச் சொன்னாளாம். வைத்துக் காட்டினாராம். "கூசுது மாமா" என்று சிரித்துவிட்டு, அடுத்த விரலையும் நீட்டினாள் என்று, என் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அவர் சொன்னார்.