சயாமுக்குப் போனவங்க பெயர் நம்ம நோட்டில் இருக்கணும்

 

ஆறு சனிக்கிழமையாக, சாயங்கால பூசை முடிந்து பிரசாதம் கொடுத்த பிறகு, கோயில் மண்டபத்தில் பாய் விரித்து நம்ம தோட்டத்து வரலாற்றைப் பேசினோம். வேலை ஷிப்டால வர முடியாதவங்க பல பேர் கேட்டதால இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல் இரண்டு வாரம் கப்பலும் கங்காணியும். நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கியது, ஜெரஜாக் தீவில் நோய் சோதனைக்காகக் காத்துக் கிடந்தது, கங்காணி சொந்த ஊருக்கே போய் ஆள் கூட்டி வந்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் கூலிக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்ததோட அந்தக் கதை முடியுது. மூணாவது வாரம் நம்ம கோயில், கித்தா மரத்தடியில் ஒரு சூலமாக இருந்த காலம். இதெல்லாம் பெரும்பாலும் வீட்டில் கேட்டிருப்பீங்க.

நாலாவது வாரம் ஜப்பான்காரன் காலம். ஒரே வாரத்தில் முடிப்பதாகத்தான் திட்டம். மிச்சம் மூணு வாரமும் அதுக்கே போயிடுச்சு.

1941 டிசம்பர் 8-ல் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் விழுந்தது. துரைமார்கள் போயிட்டாங்க. கித்தாவை வாங்க ஆளில்லை, அதனால பால்மரம் வெட்டற வேலையும் இல்லை. அரிசி கிடைக்கல, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அந்த நேரத்தில்தான் சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேணும், ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, மூணே மாசம்னு சொல்லி ஆள் எடுத்தாங்க. நம்ம ஆளுங்க ஏமாந்து போனாங்கன்னு இன்னைக்கு சுலபமா சொல்லிடுறோம். வீட்டில் அடுப்பு எரியாதவனுக்கு ஒரு வெள்ளி பெரிய காசு. பிறகு யாரும் வர மாட்டேன்னு சொன்னபோது வலுக்கட்டாயமா பிடிச்சும் போனாங்க.

சயாமில் பான் போங்கிலிருந்து பர்மாவில் தன்புசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர். பர்மாவில் சண்டை போட்ட தன் படைக்குச் சாமான் அனுப்ப ஜப்பானுக்கு இந்தப் பாதை அவசரம். 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிஞ்சது. மலையும் காடும் கைக்கருவியால் வெட்டிய பாதை. 1943 மழைக்காலத்திலும் வேலையை நிறுத்தல. அப்பதான் காலரா வந்தது. வெள்ளைக்கார கைதிகள் முகாமில் அவங்க ராணுவ மருத்துவர்களாவது கூட இருந்தாங்க. கூலி முகாம்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை.

நம்மை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது அடுத்த விஷயம். அந்தப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல், அதில் இறந்தவங்க 12,000-க்கும் மேல். காஞ்சனபுரி போர்க் கல்லறைக்குப் போனால் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையா இருக்கும், பெரும்பாலான கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். தமிழர், மலாய்க்காரர், சீனர், பர்மியர், ஜாவாக்காரர் என்று போன கூலிகள் கைதிகளைவிடப் பல மடங்கு. அவங்களில் எத்தனை பேர் செத்தாங்கன்னு புத்தகத்துக்குப் புத்தகம் கணக்கு மாறுது. பட்டியல் வச்சிருந்தாத்தானே கணக்கு நிக்கும். தோட்டத்தில் தினமும் விடியற்காலை பெரட்டில் பெயர் கூப்பிட்டு செக்ரோலில் எழுதினாங்க. ஒரு நாள் வேலைக்கு வரலைன்னா சம்பளம் வெட்ட பெயர் இருந்தது. செத்தவனுக்குப் பெயர் இல்லை.

ஐந்தாவது வாரம், தொண்ணூறை நெருங்குற ஒரு பாட்டி பின்வரிசையில் இருந்து பேசினாங்க. அவங்க அப்பா போகும்போது அவங்களுக்கு ஆறு வயசு. திரும்பி வரல. செத்தார்னு சொல்லவும் யாரும் வரல. அவங்க அம்மாவுக்குப் பொட்டு வச்சுக்கிறதா, அழிக்கிறதான்னே தெரியல. சொந்தக்காரங்க இரண்டு பக்கமும் பேசினாங்களாம். அந்த அம்மா கடைசி வரைக்கும் பொட்டோடவே இருந்து செத்தாங்க. திதி தெரியாததால வீட்டில் அவருக்கு ஒரு வருசம்கூட படையல் போடலைன்னு பாட்டி சொன்னபோது மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அவங்க முடிச்சதும் ஒவ்வொருத்தரா பெயர் சொல்ல ஆரம்பிச்சாங்க. தாத்தாவோட அண்ணன், பாட்டியோட முதல் வீட்டுக்காரர், எட்டாம் நம்பர் லயத்தில் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். அன்னைக்கு ராத்திரியே ஒரு நீள நோட்டு வாங்கி எழுதினோம். இப்போ பதினாலு பெயர் இருக்கு. இரண்டு பேருக்குப் பட்டப்பெயர்தான் கிடைச்சது. அதையும் அப்படியே எழுதியிருக்கோம்.

குருக்கள் ஐயாவிடம் கேட்டோம். இறந்த திதி தெரியாதவங்களுக்கு மகாளய அமாவாசை அன்று தர்ப்பணம் கொடுக்கலாம்னு சொன்னார். வரும் புரட்டாசியில் அந்தப் பதினாலு பேருக்கும் கோயிலிலேயே பெயர் சொல்லிக் கொடுக்கப் போகிறோம். வாரிசு இல்லாதவங்க பெயரையும் விடமாட்டோம்.

நோட்டு கோயில் அலுவலக மேசையில் இருக்கு. உங்க வீட்டில் சயாமுக்குப் போனவங்க இருந்தால், திரும்பி வந்தவங்களா இருந்தாலும், பெயர், அப்பா பெயர், எந்த லயம், தெரிஞ்சா தமிழ்நாட்டில் எந்த ஊர், இவ்வளவும் எழுதுங்க. பெரியவங்களுக்கு எழுத முடியலைன்னா நாங்க கேட்டு எழுதிக்கிறோம். நடக்க முடியாதவங்களைக் கூட்டி வர சனிக்கிழமை நாலு மணிக்கு நம்ம தொண்டர்கள் வண்டி எடுத்துட்டு வருவாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.